ரீல் மாற்றும் நேரம்

உசிலம்பட்டி டெண்டு கொட்டகையில்
ஒற்றை ப்ரொஜெக்டர்.
ஒரு ரீலுக்கும் மறு ரீலுக்கும் நடுவே
நாலு நிமிடம்
பபூன் ஒச்சப்பனுக்குச் சொந்தம்.
கூலி ஒண்ணேகால் ரூபாய்,
இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து.

ஏழு முட்டை, ஒரு தொப்பி,
முடிவில் ஒரு மாமியார் தும்மல்.
ஆபரேட்டர் இருமுவார்.
இவன் கும்பிடுவான். விளக்கு அணையும்.

அந்த வெள்ளிக்கிழமை
கத்திச்சண்டைக்கு முன் பிலிம் அறுந்தது.
ஒட்டுகிற பசையும் காய்ந்து கிடந்தது.
தும்மி முடித்தான், கும்பிட்டான்,
இருமல் வரவில்லை.

தரை டிக்கெட்டில் சீட்டி.
கடலைத்தோல் வந்து விழுந்தது,
பின்னாலேயே ஒரு செருப்பு.
ஒச்சப்பன்
வெளிச்சம் வராத அந்த ஓட்டையைப் பார்த்தான்.
கும்பிட்ட கையைப் பிரித்தான்.

தும்மல் மூக்குக்குள் திரும்பிப் போனது.
முட்டைகள் ஒவ்வொன்றாய்
காற்றிலிருந்து தொப்பிக்குள் இறங்கின.
முதலில் சிரிப்பு வந்தது,
அப்புறம்தான் அதற்கான பேச்சு.
செருப்பைக்கூட
வந்த திசைக்கே பவ்யமாய் அனுப்பிவைத்தான்.
முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து
படுதாவுக்குள் மறைந்தான்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பெண்கள் பக்கம் ஒரு குரல்:
“ஏப்பா, பபூனைக் கூப்பிடுங்க,
அந்த ஆளு இன்னும் வரவே இல்லையே!”

ஆபரேட்டர் இருமினார்.
இன்னொரு தடவையும்
இருமினார்.