இடக்கோடி பேரிங்

ஆனி பிறந்து ஆறு வாரத்தில்
நாலாவது பேரிங்.
நாலும் ஒரே இடம்:
முன்பின் ஓட்டும் உருளைக்கு இடக்கோடி.

ஐந்தருவி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே
ஞானசிகாமணியின் கேம்ஸ் கடை.
கார் ஓட்டும் பெட்டி ரெண்டு,
சுடும் பெட்டி ஒன்று,
நடுவில் பந்துப் பெட்டி.
உள்ளங்கையால் பந்தை உருட்டினால்
திரையில் ஒரு படகு பாறை தப்பி ஓடும்.
“வலத்தே போகுது, இடத்தே போகுது,
முன்னே போவ மாட்டேங்குவே, பக்கீரு”
என்றார் போனில்.
மேலப்பாளையத்திலிருந்து கிளம்பி
தென்காசியில் பஸ் மாறிப் போனேன்,
டூல்ஸ் பையும் மாற்றுச் சட்டையுமாக.

முதல் தடவை பழியைச் சென்னைமேல் போட்டேன்.
மலிவுச் சரக்கு. விரலில் மாட்டிச் சுற்றினால்
மணலை மெல்லுகிற சத்தம்.
வேறு கடையில் வாங்கி மாட்டினேன்.
பதினெட்டு நாள்.

ரெண்டாம் தடவை சாரல்.
முன்பக்கச் சுவரே இல்லாத கடை;
காற்று திரும்பினால்
அருவியே உள்ளே வந்து டோக்கன் கேட்கும்.
ரப்பர் மூடி வைத்த பேரிங் போட்டு
“இனி ஈரம் போகாது” என்று சொன்னபோது
எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.
பதினோரு நாள்.

மூன்றாம் தடவை எண்ணெய்.
மசாஜ் முடித்து அருவிக்குப் போகிறவன்
வழியில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகிறான்.
உருளையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம்,
எவனெவன் முதுகு அழுக்கோ.
ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன்.
‘எண்ணெய்க் கையுடன் தொடாதீர்’
அட்டை எழுதித் தொங்கவிட்டோம்.
சாயங்காலத்துக்குள் அட்டையிலும் கை பதிந்தது.
ஒன்பது நாள்.

நாலாம் தடவை ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை.
ஸ்டூல் போட்டு உட்கார்ந்து
ஆடுகிறவர்களைப் பார்த்தேன்.
வள்ளியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி,
குளித்த ஈரம் துவட்டாமல்
ஏழு டோக்கன் ஆடினாள்.
“லூர்து, வேன் கிளம்பப் போவுது” என்று
புருஷன் மூன்று தரம் வந்து கூப்பிட்டான்.
படகு கடைசிப் பாறையைத் தாண்டுகிற நேரம்
அவள் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.
முடியிலிருந்து சொட்டியது பந்தில் விழுந்தது;
பந்து அதைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனது.
உள்ளே போனதைப் பார்த்தேன்.
வெளியே வந்ததைப் பார்க்கவில்லை.

ஷட்டரை இறக்கினபின் பந்தைக் கழற்றினேன்.
சிவப்பு, ஒரு கிளிமூக்கு மாங்காய்க் கனம்.
வைக்க இடமில்லாமல் தரையில் வைத்தேன்.
நிற்கவில்லை அது.
யோசித்து யோசித்து நகர்ந்து,
பிறகு தெரிந்தவன் மாதிரி
இடப்பக்கம் வாறுகாலைப் பார்த்து உருண்டது.
டோக்கன் கொடுக்கிற மாசானம்
காலை நீட்டித் தடுத்தான்.
“வாட்டம்லா அண்ணாச்சி.
ஈரக்கால் தண்ணி வடியணும்னு
தரையே அப்படித்தான் போட்டது.”

வாட்டம்.
பெட்டி அரை விரல்கடை இடத்தே சாய்ந்து நிற்கிறது.
பந்துக் கூட்டுக்கு வடிகிற ஓட்டையோ வலக்கோடியில்.
சாரலும் எண்ணெயும் லூர்துவின் தலைமுடித் தண்ணீரும்
ராத்திரி பூராவும்
அந்த ஒரு பேரிங்கைச் சுற்றிக்
குளம் கட்டியிருக்கின்றன.
மூன்று தடவையும் நான் சொன்னது பொய்யில்லை.
அது போய்த் தேங்குகிற இடத்தைத்தான் கேட்கவில்லை.

லாரி டயரில் வெட்டிய துண்டு ரெண்டு
இடக்காலுக்குக் கொடுத்தேன்.
கூட்டின் இடக்கோடியிலும் ஒரு ஓட்டை போட்டு
ஒரு டம்ளர் தண்ணீரை மேலிருந்து ஊற்றினேன்.
“ஏ, பாவி மட்டை!” என்று ஞானசிகாமணி பாய்ந்து வந்தார்.
கீழே வாளியில் டொக் டொக்கென்று விழுந்தது.
கேட்டுக்கொண்டே நின்றார்.
ஐந்தாவது பேரிங் மாட்டினேன்.
நாலு தடவைக் கூலியில் ரெண்டுக்குத்தான் தந்தார்.
நானும் சண்டை பிடிக்கவில்லை.

அந்த வாரமே சாரல் நின்றது.
ஆவணியில் அருவி நூலாகி,
பாறையில் குரங்குகள் மட்டும்.
போன் போட்டேன்:
“பந்து ஓடுதா?”
“ஆட ஆளில்லையே வே, பெறவு எப்படிக் கெடும்?”

சரிசெய்தேனா என்பது
அடுத்த ஆனியில்தான் தெரியும்.
ஆறாவது பேரிங் ஒன்று வாங்கி
பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.
அவரிடம் சொல்லவில்லை.