விழைகிறது

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு
நாற்பது அடி கிழக்கே பிடிபட்டார் சவரியப்பன்.
சைக்கிளில் ஒரு கேன், ஐந்து லிட்டர்,
நுரை அடங்காத தென்னங்கள்.
நாற்பது அடி மேற்கே
பலகை மாட்டி விற்கலாம்.

பொள்ளாச்சி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் நின்று
இரண்டு சட்டசபைகளின் பழைய மசோதாக்களைப்
பிரதியெடுக்கிறேன்.
கடைசித் தாளில்
நோக்க காரண விளக்க உரை.

இங்கே, ஏழைத் தொழிலாளியின் குடும்பம்
சீரழியாமல் இருக்க.
அங்கே, ஏழைத் தொழிலாளியின் குடும்பம்
பட்டினி கிடக்காமல் இருக்க.
மலையாளத்தை எழுத்துக்கூட்டித்தான் படித்தேன்.
'தொழிலாளி' மட்டும் உடனே புரிந்தது.

மேற்சொன்ன நோக்கத்திற்குச் செயல்வடிவம் தர
இச்சட்டமுன்வடிவு விழைகிறது.

விழைகிறது!
கல்யாணமாகி ஒன்பது வருஷம்,
என்னிடம் யாரும் சொல்லாத வினைச்சொல்
அமைச்சர் கையெழுத்துக்கு மேலே
கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

சட்டமானதும் அந்தத் தாள் கழன்றுவிடும்.
கடையில் விற்கும் புத்தகத்தில்
பெயரில் தொடங்கி
தண்டனை, பறிமுதல், ஜாமீன் என்று போகும்.
ஏன் என்பதற்குப் பிரிவு எண் கிடையாது.

"எதுக்கய்யா கொண்டுவந்தே?"
நீதிபதி கேட்டது சவரியப்பனை.
மருந்துக்கு என்று சொல்லச் சொல்லி
மூன்று முறை பழக்கியிருந்தேன்.

"ஆப்பத்துக்குங்க.
மச்சினன் ஊட்டுல காதுகுத்து.
எம்பது பேருக்கு மாவரைச்சு வெச்சாச்சுங்க."

கோர்ட் சிரித்தது.
டைப்பிஸ்ட் மட்டும் நிமிர்ந்து
என்னைப் பார்த்தாள்,
இதையும் அடிக்கணுமா என்பதுபோல.