கடைக்கண்

சனி ஞாயிறுகளில் ஹம் நகரத்து மண்டபங்களில்
"கொஞ்சம் சிரியுங்கோ மாமி" என்று
கல்யாணப் படம் எடுக்கிறவன் நான்.
பக்கத்து ஊர் ஸோஸ்டிலிருந்து
வணிகர் சங்கம் கூப்பிட்டது:
பதினாலு முகம், முகத்துக்கு அறுபது யூரோ,
கடைக்காரர் ஒன்பது, கலைஞர் ஐந்து.
கணக்குப் பிடித்திருந்தது.

கலைஞர்கள் சுலபம்.
நீர்வண்ணம் தீட்டும் அன்ஸ்கார்
தன் நல்ல பக்கம் எதுவென்று
முப்பது வருடமாக அறிந்து வைத்திருக்கிறார்.
ஜன்னலோரம் போய் நின்றார்.
பழக்கிய நாயைப்போல் வெளிச்சம் வந்து
அவர் காலடியில் படுத்துக்கொண்டது.
மூன்று சொடுக்கு. முடிந்தது.

பொத்தான் கடை ஹில்ட்ரூட் அப்படியில்லை.
நானூறு இழுப்பறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும்
உள்ளே இருப்பதில் ஒன்றைத் தைத்து வைத்திருக்கிறார்.
"இங்கே பாருங்கள்" என்றேன். பார்த்தார்.
அழுத்தும் கணத்தில்
கண் மட்டும் கழன்று வாசலுக்குப் போனது.
மன்னிப்புக் கேட்டார். நான் மறுபடி அழுத்தினேன்.
மறுபடி வாசல்.

எங்களிடம் இரண்டு ஷட்டர்கள் இருந்தன.
என்னுடையது ஒரு விநாடியின்
நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு திறந்து மூடும்.
அவருடையது ஒன்பதரைக்கு ஏறினால்
ஆறரைக்குத்தான் இறங்கும்.

சைக்கிள் திருத்தும் டெட்லெஃப்பும் அப்படியே.
வாயில் மூன்று ஊசியோடு நூர்ஹானும் அப்படியே.
பழைய இறைச்சிக்கடையில்
கொக்கிகளைக் கழற்றாமல் அவற்றிலேயே
மண்கோப்பைகள் மாட்டி விற்கிற விப்கே
எந்தப் பட்டியல் என்று கேட்டேன்.
"வாடகைக் கடிதம் வரும் நாளில் வந்து கேள்"
என்றாள், வாசலைப் பார்த்தபடி.

இரவு, அழிப்பதற்கென்று ஒதுக்கிய
நூற்றுப்பத்துப் படங்கள்.
பால் அடுப்பில் இருக்க
விருந்தாளியோடு பேசுகிறவரின் பார்வை எல்லாவற்றிலும்.
தமிழில் இதற்கொரு சொல் உண்டு.
காதலிகளுக்கே கொடுத்துப் பழகிவிட்டோம்.
கடை என்ற சொல் அதற்குள் உட்கார்ந்திருப்பது
நாற்பத்தாறு வயதில், ஒரு பிரெஞ்சு ஃப்ரைஸ் பொட்டலத்தோடு,
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவற்றையே அனுப்பினேன்.
செயலாளர் பிளாட்டே தொலைபேசினார்.
"எல்லோரும் வேறெங்கோ பார்க்கிறார்களே."
ஆம் என்றேன்.
"ஒருவரும் சிரிக்கவில்லை."
அதற்கும் ஆம்.
அவருக்கு ஒரு சாவிக்கடை இருக்கிறது.
பேச்சுக்கிடையில் அங்கே மணி அடித்தது,
அவர் குரல் ஒரு கணம் திரும்பிப் போய் வந்தது.
"சரி," என்றார், "அச்சடிக்கலாம்."

ஆளுயரப் படங்களைக் கண்ணாடிகளில் ஒட்டிய பையன்
பட்டியலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான்.
பச்சைக்கல் சுவர்களின் ஊர் முழுக்க
முகங்கள் வீடு மாறின.
டெட்லெஃப் கடைக் கண்ணாடியில் ஹில்ட்ரூட்,
சாவிக்கடையில் நூர்ஹான்,
அன்ஸ்கார், பாவம், மீன்கடையில்,
நல்ல பக்கம் காட்டி.
இரண்டு வாரமாகியும் யாரும் மாற்றவில்லை.
சைக்கிள் கடையில் ஒருத்தி கம்பளிச் சட்டைக்குப் பொத்தான் கேட்க
டெட்லெஃப் எண்ணெய்க் கையோடு
தெருவைக் கடந்து கூட்டிப்போய் விட்டாராம்.

நேற்று ஹில்ட்ரூட் அழைத்தார்.
"தினமும் எதிரே என்னையே பார்க்கிறேன்.
அந்தப் படத்தில் வாசலில் யார்?
யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன்."

கோப்பைத் திறந்தேன். பதினொன்று நாற்பத்திரண்டு.
நினைவிருந்தது எனக்கு:
பேருந்து ஒன்று போனது, கதவு அதிர்ந்தது,
மணி தானாக ஒரு தரம் கிணுங்கியது.

"சிவப்புக் கோட்டுப் போட்ட பெண்," என்றேன்.
"எட்டுப் பொத்தான் வாங்கினாள்."

மறுமுனையில் ஒரு இழுப்பறை திறந்து மூடியது.

"எட்டா?" என்றார்.
"நான் அட்டையைப் பிரித்து விற்பதில்லையே.
அட்டைக்கு ஆறு."