வலது கை

ஊசியை இடது கையில் ஏற்றச் சொன்னேன்.
வலது கைதான் மக்வாலா பேசும் கை.
செவிலி அதற்குள் தவறான பக்கம் பட்டை கட்டியிருந்தாள்;
அவிழ்த்து, தலையசைத்து மன்னிப்புக் கேட்டு,
கட்டிலைச் சுற்றி வந்தாள்.

திபிலிசியில் பிப்ரவரி.
பனி தெருவைத் தொட்டதும் சேறாகிற பருவம்.
பித்தப்பையில் மூன்று கற்கள். வயது ஐம்பத்தெட்டு.
பிறந்ததிலிருந்து காது கேளாது.
தொழில் என்ற கட்டத்தில் மகள் எழுதியிருந்தாள்:
ரொட்டி சுடுபவர்.

நெற்றியில் நான்கு ஒட்டுகள்.
திரையில் அவள் மூளை
காற்றில் புல் போல, தாழ்வாய், நெருக்கமாய், ஓயாமல்.
கண்ணை மூடுங்கள் என்று காட்டினேன்.
நான் கற்று வைத்திருந்த ஐந்து சைகைகளில் அது ஒன்று.
தயங்கினாள்.
அப்புறம்தான் எனக்கு உறைத்தது:
நாம் கண்ணை மூடினால் காது காவலிருக்கும்.
அவள் மூடினால்
வீட்டில் யாருமில்லை.

முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினேன், விதிக்குப் புறம்பாக,
என் உதடு அவளுக்குத் தெரியட்டும் என்று.
ஐந்திலிருந்து கீழே எண்ணுங்கள்.
ஐந்து விரல் விரிந்தது. கட்டைவிரல் மடிந்தது.
பால் நிற மருந்து குழாயில் நகர்ந்தது. சுண்டுவிரல் மடிந்தது.
மூன்று விரல்கள் கொஞ்ச நேரம் காற்றில் நின்றன,
பிறகு யாரோ அவற்றை வாங்கிக்கொண்டார்கள்.

முதலில் ஒரு சலசலப்பு;
அடங்கும் முன் மூளை சற்றுத் துள்ளும்.
பிறகு நீண்ட அலைகள், நொடிக்கு ஒன்று, அதற்கும் மெதுவாக,
அவற்றின் முதுகில் நொடிக்குப் பத்து எனச் சிற்றலைகள்.
கண் மூடியதும் பிடரிப் பக்கம் எழும் தாளம் அது,
இப்போது நெற்றிக்குக் குடிபெயர்ந்து
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது.
ஒரே சொல்லில் மாட்டிக்கொண்ட வாய்
வேறெதையும் சொல்லாது.
அதுதான் மயக்கம் என்று நினைக்கிறேன்.
இருபது வருடமாகியும் நினைக்கிறேன்தான்.

தூங்கிவிடுவீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறோம்.
பொய்.
தூங்குபவள் புரண்டு படுப்பாள்,
கனவுக்குள் போய்வருவாள்,
கருகல் வாசத்துக்கு எழுந்துவிடுவாள்.

ஒன்பது நாற்பதுக்குக் கோடு தட்டையானது.
இரண்டு நொடி. ஒரு வெடிப்பு. மறுபடி தட்டை.
இதற்கு அடக்கம் என்று பெயர்.
எனக்கு அந்தச் சொல் பிடிக்காது.
அளவைக் குறைத்தேன். குறைத்துவிட்டு, மூச்சை விடாமல்,
அலை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
அறுவை மருத்துவர் வாஜா
நேற்றைய கால்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார்.

மருந்தை நிறுத்தியதும்
பெரிய அலைகள் வற்றின, சிற்றலைகள் வேகமெடுத்தன,
திரையின் இரு சிவப்புப் பட்டைகளும்
சட்டையின் ஜிப் திறப்பதுபோல் விலகின.
புல் திரும்பியது.

மீட்பறையில் கண் திறக்கும் முன் கை திறந்தது.
உள்ளங்கை காற்றை அறைந்தது.
கட்டில் கம்பியை அறைந்தது. மறுபடியும்.
குடித்தவன் பேச்சைப் போலக் குழறும் கை.
என் ஐந்து சைகைகளில் இது இல்லை.
வலி என்று எடுத்துக்கொண்டேன். மார்ஃபின் வரை கை போனது.
நாடி எழுபத்திரண்டு.
வலிக்கிறவளின் நாடி இல்லை அது. நிறுத்தினேன்.

தெக்லேயை உள்ளே விட்டார்கள்.
தாயின் கையைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.
"அடுப்புச் சுவரில் மாவை அறைகிறாள்.
இது எங்கள் வீட்டுச் சைகை, வேறெங்கும் செல்லாது.
ரொட்டி கருகுது, யார் பார்ப்பது என்கிறாள்."

கடை இன்று மூடியிருக்கிறது என்று
மகளின் விரல்கள் சொல்லியிருக்க வேண்டும்.
மக்வாலாவின் கண் முழுதாகத் திறந்தது.
நான் நெற்றி ஒட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தேன்,
என்னை அவள் தள்ளிவிட்டாள், நான் மறைத்துக்கொண்டிருந்தேன்.
சண்டை தொடங்கியிருந்தது,
சத்தமே இல்லாமல்,
அறை முழுக்க.