ஒரு குடத்து அளவு

தடைக்காலம் பிறந்து ஒன்பதாம் நாள்.
பாம்பன் கரையில் என் தொண்டைக்கு வேலை இல்லை.
மற்ற நாளில் காரலும் சூடையும்
கூடை கூடையாகக் கூவி விற்பவன்;
நகரையோ கணவாயோ
பார்த்த மாத்திரத்தில் எடை சொல்வேன்,
ஒரு கிலோ முன்பின் இருக்காது.

ராமநாதபுரம் போனவன்
நைனாவின் கடையில் சும்மாதான் நின்றேன்.
திரும்பும்போது மடியில் ஒரு கண்ணாடித் தொட்டி,
தையல் மிஷின் மூடி அளவு.

பிரகாசி தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"லாரித் தண்ணி குடம் பன்னெண்டு ரூவா.
ஒரு குடம் தர்றேன். அதுக்கு மேல
ஒரு சொட்டு கேக்கக் கூடாது."

அப்படித்தான் முடிவானது
எங்கள் வீட்டு நீர்நிலையின் கொள்ளளவு.

அதற்குள் யாரை விடுவது?
கப்பி எடுத்துட்டுப் போங்க என்றார் நைனா,
ஒரு ஜோடி போதும், மாதம் திரும்பினால்
உள்ளே திருவிழாக் கூட்டம்.
ஒரு குடத்தில் திருவிழா தாங்காது.
தங்கமீன் குஞ்சு அழகுதான்,
ஆனால் குஞ்சாகவே இருக்கச் சம்மதிக்காது.
நியான் டெட்ராவுக்கு ஓடித் திரும்ப நீளம் வேண்டும்;
சுவரில் மூக்கு இடிக்கிற மீனைப்
பார்த்துக்கொண்டு எப்படிச் சோறு இறங்கும்?
மிளகாய் ரஸ்போரா, மூன்று அரிசி நீளம்.
படத்தில் பார்த்து அன்றிரவு தூங்கவில்லை.
அதற்குச் சருகு ஊறிய மென்மையான நீர் வேண்டுமாம்.
எங்கள் குடத்து நீரில் பருப்பே வேகாது.

தகரக் கூரை வேறு.
கரண்ட் போன மத்தியானத்தில்
தொட்டி, மீன்குழம்புக்குத் தயாரான சட்டி.

முப்பது வருடத்தில் நான்
ஒரு மீனைத் தேர்ந்தெடுத்ததே இல்லை.
கரைக்கு வந்ததற்கு விலை சொன்னேன்.

வைகாசி பிறந்தது.
அக்காமடத்துப் பக்கம் ஊரணி
பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.
நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சேறும் நீரும்.
சுற்றிலும் கொக்குகள்,
ஏலத்துக்கு முன்னால் வியாபாரிகள் நிற்பதுபோல்,
அவசரமே இல்லாமல்.
குனிந்தேன். முதலில் ஒன்றும் இல்லை.
பிறகு கண்கள் மட்டும் இருந்தன,
நீல விளிம்போடு, ஜோடி ஜோடியாய், மேல்மட்டத்தில்.
உடம்பைத் தேடினால்
முதுகெலும்பு ஒரு தையல் நூல்;
மற்ற இடத்திலெல்லாம் பின்னால் இருந்த சேறு தெரிந்தது.

உப்பேறிய நீர், கொதித்த நீர்,
நாளுக்கு நாள் குறைந்த நீர்,
எல்லாம் பார்த்துவிட்டு இருந்தது.
பேர் தெரியவில்லை எனக்கு,
மீன்பேர் சொல்லியே சோறு தின்றவனுக்கு.

சிரட்டையால் மொண்டேன்.
ஒரு குடத்துக்கு எட்டு, அதுவே அதிகம்.
மிச்சத்தை எண்ணவில்லை.
எண்ணினால் எடுக்க வேண்டியிருக்கும்.
எழுந்து நடந்தபோது முதுகுக்குப் பின்னால்
கொக்குகள் ஓரடி கிட்ட வந்த சத்தம்.

எட்டும் சேர்ந்து என்ன எடை இருக்கும்?
நகைக்கடைத் தராசுதான் சொல்லணும்.
அவித்த மஞ்சள் கருவை
ஊசிமுனையில் தொட்டுப் போடுகிறேன்.

தடை நீங்கி, படகுகள் திரும்பிய முதல் விடியல்.
இடுப்புயரம் குவிந்த மீனுக்கு முன் நின்று
"ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு" என்று
கத்திக்கொண்டிருக்கையில் போன் அடித்தது.
பிரகாசி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்,
தொட்டிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.
"ஒண்ணு வயித்துக்கடியில முட்டையக்
கொத்தாத் தொங்க விட்டுட்டுத் திரியுதுங்க.
பாசிமணி மாதிரி. பன்னெண்டோ பதிமூணோ,
நின்னாத்தான எண்ணுறதுக்கு."

யாரோ "ஆயிரத்து முந்நூறு" என்றார்கள்.
எதற்கு என்று
சட்டென்று எனக்கு நினைவு வரவில்லை.

மாலை வீட்டுக்குப் போனால்
தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு குடம், தட்டு மூடி.
அந்தப் பன்னிரண்டு ரூபாய் யார் கணக்கு என்று
அவள் சொல்லவில்லை.
நானும் வாயைத் திறக்கவில்லை.