டிராகன் இல்லாத பக்கம்

நோர்ஷோப்பிங்கில்
நூற்பு நின்றுபோன ஆலையின் மூன்றாம் மாடியில்
மூன்று பேர் கதை விட்டுப் பிழைக்கிறோம்.
உருட்டுவதற்கு எங்களிடம்
நான்கு முகம், எட்டு முகம், இருபது முகப் பகடைகள் உண்டு.
வாடகைக்கு மட்டும் ஒரே முகம்.

சிக்ஸ்டென் உலகத்தை எழுதுகிறான்.
ஏழு ஆண்டாக எழுதுகிறான்:
உப்பு விற்கும் அரசிகள்,
உறைந்த ஏரிக்கு அடியில் கோயில்,
பொய் சொன்னால் சுங்கம் வாங்காத பாலம்.
தூவா வரைகிறாள்.
நான் கணக்குப் பார்ப்பவள்.
ஒரு கோடரி எத்தனை புள்ளி வெட்டும்,
ஒரு பிரார்த்தனை எத்தனை புள்ளி ஆற்றும்,
ஒரு தாள் எத்தனை குரோனா.

வியாழன்தோறும் சோதனை ஆட்டம்.
பல் மருத்துவமனைத் தாதி இங்கெயெர்ட்
விதிகளை உடைக்கவே வருவாள்.
"இந்தக் கயிற்றை நான் விழுங்கலாமா?"
கூடாதென்று எங்கும் எழுதியிருக்கவில்லை.
இப்போது எழுதியிருக்கிறது.
அறுபத்தொன்றாம் பக்கம், அடியில்.

ஆயிரத்து முந்நூற்றுப் பதினான்கு பேர்
முன்பணம் கட்டியிருந்தார்கள்,
எல்லோருக்கும் கடைசியில் ஒரு டிராகன் என்று
சொல்லி வைத்திருந்தோம்,
இரண்டு பக்கம் விரித்து, சிறகு முனை
தாளின் ஓரத்தில் வெட்டுப்படும்படி.

மார்ச்சில் ரீகா அச்சகத்திலிருந்து கடிதம்:
காகித விலை ஏறிவிட்டது.

கூட்டிப் பார்த்தேன். கழித்துப் பார்த்தேன்.
காப்பி ஆறிப்போய்
மறுபடி சுடவைத்து மறுபடி ஆறியது.
"பாதி விலைக்கு வரைகிறேன்," என்றாள் தூவா.
அவள் வீட்டு வாடகை எனக்குத் தெரியும்.
வேண்டாம் என்றேன்,
கொஞ்சம் கோபமாகவே.

யானை வரும் பின்னே
மணியோசை வரும் முன்னே என்பார்கள்.
எங்களால் மணியோசை மட்டுமே
வாங்க முடிந்தது.

"அப்படியானால் அதை யாரும் பார்க்க வேண்டாம்,"
என்றான் சிக்ஸ்டென்.
அன்றிரவே எழுத உட்கார்ந்தான்,
இருபது முகத்துக்கு இருபது அடையாளங்கள்.
மூன்று விழுந்தால்: மரத்தின் ஒரு பக்கம் மட்டும் பனி உருகியிருக்கும்.
எட்டு: உங்கள் நாய் முன்பின் தெரியாதவரின் காலடியில் போய்ப் படுக்கும்.
பதினான்கு: பாத்திரத்துத் தண்ணீரில் வட்டங்கள், காற்றில்லாமல்.
இருபது: எதுவுமில்லை. குருவிகூட இல்லை.

நவம்பரில் புத்தகங்கள் வந்தன.
லிஃப்ட் பழுது.
அறுபத்தாறு பெட்டிகள், மூன்று மாடி,
என் முதுகு, இங்கெயெர்டின் அண்ணன் முதுகு.
முதல் பிரதியை முகர்ந்தோம், திறந்தோம்,
எட்டாம் பக்கத்தில் செத்த அரசி
தொண்ணூறாம் பக்கத்தில் உப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள்.
"பேய் என்று சொல்லிவிடு," என்றாள் தூவா.

டிராகனைக் காட்டாதது
துணிச்சலான கலை முடிவு என்று
ஒரு பத்திரிகை எழுதியது.
சிக்ஸ்டென் அதைச் சுவரில் ஒட்டினான்.
பக்கத்தில் நான்
காகித ரசீதை ஒட்டினேன்.

கிருனாவிலிருந்து ஓர் அஞ்சலட்டை.
இரும்புச் சுரங்கத்தின் இரவு முறைக்காரர்கள்,
நான்கு பேர், ஆட்டத்தை நிறுத்திவிட்டு
விடியும்வரை சண்டையாம்.
அறுந்து விழும் லிஃப்ட் கூண்டு போல என்கிறான் ஒருவன்,
இல்லை, அதற்கு உடம்பே கிடையாது,
வாய் மட்டும்தான் என்கிறான் இன்னொருவன்.
யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார்கள்.
இன்னும் பதில் போடவில்லை.
போட்டால் அந்தச் சண்டை முடிந்துவிடும்.

இந்த வருடம் இரண்டாம் பதிப்பு.
கையில் பணம் இருக்கிறது. முதல் முறையாக.
"இப்போது வரைந்துவிடலாமே?" என்றேன்.
தூவா அஞ்சலட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பென்சிலைச் சீவினாள். வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை என் மேசைமேல்
அவள் கையெழுத்தில் ஒரு ரசீது:
டிராகன். இரண்டு பக்கம். வரையப்படாதது.

முழு விலை போட்டிருந்தாள்.
கட்டினேன்.