நீதிக்கு ஒரு வரி

கதைக்கு இருபது வரி.
நீதிக்கு ஒரு வரி.
அதற்குமேல் போனால் பக்கம் தாண்டும்,
பக்கம் தாண்டினால் காகிதம் கூடும் என்று
கும்பகோணத்து அச்சகத்தில்
இக்னேஷியஸ் சொல்லிவிட்டார்.
கதை ஒன்றுக்கு எழுபது ரூபாய் எனக்கு.

கிரேக்க தேசத்து மிருகங்கள்
ஆங்கிலம் வழியாக என் மேசைக்கு வருகின்றன,
கொஞ்சம் களைத்துப்போய்.

நரி திராட்சைப் பந்தலுக்குக் கீழே நிற்கிறது.
திராட்சையைத் தள்ளுவண்டியில் மட்டுமே பார்த்த ஊர் இது.
எங்களுக்கு எட்டாதது எப்போதும் நுங்கு.
நரி நுங்கு தின்னுமா என்று அரை நாள் யோசித்து
திராட்சையாகவே விட்டுவிட்டேன்.
புளிப்பு எல்லா ஊருக்கும் பொது.

முயல் தூங்கியது, ஆமை வென்றது.
தூங்காத முயல்களுக்கு நடுவே
ஆமை என்ன செய்யும் என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதி
நானே அழித்தேன்.

தவளைகள் வானத்தைப் பார்த்து
ராஜா வேண்டும் என்று கத்துகின்றன.
எங்கள் தவளைகளாயிருந்தால்
மேட்டூர் திறக்கும் தேதியைக் கேட்டிருக்கும்.

பதினேழாவது கதையில் ஒரு மரமும் ஒரு புல்லும்.
மரத்துக்கு அகராதி கருவாலி என்கிறது.
நான் பார்த்ததில்லை,
வாசிக்கப்போகும் பிள்ளையும் பார்க்காது.
தென்னை என்று மாற்றினேன்.
புல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை.
அரசலாற்றுப் பாலத்தில் நின்று குனிந்தால் நாணல்.

காற்று வந்தது.
நிமிர்ந்தது விழுந்தது, வளைந்தது நின்றது.
நீதி: பணிவோர் பிழைப்பர்.
இரண்டே சொல்.
இக்னேஷியஸ் சந்தோஷப்படுவார்.

பேனாவை மூடும்போது பேராவூரணி வந்தது.

புயலுக்கு மறுவாரம்
அக்காள் வீட்டுத் தோப்பில்
நூற்றுப்பத்துத் தென்னைகள் ஒரே பக்கம் தலைவைத்து,
கல்யாண வீட்டில் பாய்விரித்துப் படுத்தவர்கள் மாதிரி.
கிராம உதவியாளர் சுண்ணாம்பால் எண் போட்டுக்கொண்டே போனார்.
மரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசாணை.
அத்தான் பின்னாலேயே நடந்தார்,
ஒரு எண்ணும் விட்டுப்போகக் கூடாதே.

வேலியோரம் பூங்காவனம் நின்றாள்.
அந்த மரங்களின் மட்டையில்
இருபத்தாறு வருஷம் கீற்று முடைந்தவள்.
குனிந்தே உட்கார்ந்து குனிந்தே நகர்ந்து
முதுகு அந்த வளைவிலேயே தங்கிவிட்டது.
புயலன்று பள்ளிக்கூடச் சுவரடியில்
இன்னும் கொஞ்சம் வளைந்து கிடந்திருக்கிறாள்.

"எனக்கு எதுவும் எழுதுவீங்களாய்யா?"

அவர் கெட்டவர் இல்லை.
படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.
"உனக்கு என்னம்மா விழுந்துச்சு?"

அவள் நிஜமாகவே யோசித்தாள்.
"ஒண்ணும் விழலையே" என்றாள்.

விழுந்ததற்குத்தான் அதில் கட்டம் இருந்தது.

பணிவோர் பிழைப்பர்.
பிழைத்தாள்தான், பொய்யில்லை.
அடுத்த தென்னை காய்க்கும்வரை
எந்த மட்டையை முடைவது என்பது
கதைக்கு வெளியே.
பிழை, பிழைப்பு.
தப்பு, தப்பித்தல்.
இந்த மொழிக்கு முன்பே ஏதோ தெரிந்திருக்கிறது,
நமக்கு முழுதாகச் சொல்லவில்லை.

அந்த இரண்டு சொல்லையும் அடித்தேன்.
வேறு எழுதினேன், அதையும் அடித்தேன்.
மூன்றாவது வரி கொஞ்சம் நன்றாயிருந்தது,
அதனாலேயே அடித்தேன்.
நீதி என்று எழுதி
இரண்டு புள்ளி வைத்து
அப்படியே அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் போன்.
"மேடம், பதினேழுல நீதி இல்லை."
"இல்லைங்க" என்றேன்.
"மறந்துட்டீங்களோன்னு பார்த்தேன்."
பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம்.
"சரி, இடம் வெறுமையா இருந்தா நல்லாருக்காது,
ஒரு பூவை வச்சு அடைச்சுடறேன்."

புத்தகம் வந்தது.
நீதி, இரண்டு புள்ளி,
அப்புறம் ஐந்து இதழ் உள்ள ஒரு சின்னப் பூ,
கொஞ்சம் மை கூடுதலாக.

எழுபது ரூபாயில் அவர் எதையும் பிடிக்கவில்லை.